எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை யாருக்கு?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை அழகுக்கானதல்ல. உடல் பருமன் என்கிற நோய்க்கான வைத்தியம். அது தேவையா என்பதற்கு முதல் அளவுகோல் பி.எம்.ஐ. கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 1991இல் அமெரிக்காவில் வகுத்த வரம்பு 40. சர்க்கரை போன்ற நோயும் சேர்ந்திருந்தால் 35. 2022இல் அறுவை மருத்துவர் சங்கங்கள் அதை 35, சர்க்கரை நோயாளிகளுக்கு 30 எனத் தளர்த்தின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால், அவர்களுக்கு 27.5 போதும் என்றன. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 70 கிலோதான். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து யாரும் அவசரப்படக் கூடாது.

பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. அதைத் திரும்பப் பொருத்த முடியாது. தொடக்கத்தில் கஞ்சித் தண்ணீரைக்கூட மடக்கு மடக்காகத்தான் குடிக்கலாம். பிறகும் ஓர் இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடரும். கர்ப்பத்தை ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போட வேண்டும். குடிப்பழக்கமோ தீவிர மனச்சோர்வோ இருந்தால் முதலில் அதற்கே சிகிச்சை. கல்யாண வீட்டுக் கேலிக்கு அஞ்சி எடுக்கும் முடிவாக இது ஒருபோதும் இருக்கக் கூடாது. எடையைக் குறைக்க செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகளும் இப்போது உள்ளன. தனக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டு ஒப்பிடலாம்.