ஏழைக் குழந்தைகளின் மருத்துவமும் நமது கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையிலே புலவர்களும் பேராசிரியர்களும் பேசுவதே முறை. நாமோ இரயில்வேயில் எழுத்தர். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். இலக்கியம் பற்றி நாம் பேசப் புகுந்தால் இங்குள்ள அறிஞர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் பயன் ஒன்றும் இராது. ஆதலின் நமக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே பேச வந்தோம். நமக்குத் தெரிந்த பொருள் காகிதம். விண்ணப்பம், சான்றிதழ், பதிவேடு, முத்திரை இவற்றோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டோம். உரிய காகிதம் உரிய மேசைக்கு உரிய நாளில் போய்ச் சேர்ந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும், சேராவிடில் அல்லற்படும். இதை அலுவலகத்திலே கற்றோம். ஒரு குழந்தையின் உயிரும் அவ்வாறே ஒரு காகிதத்தைப் பற்றிக்கொண்டு நிற்கக்கூடும் என்பதை இந்தப் பிரேசர் டவுனில், நம் தெருவிலே கற்றோம்.

நம் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் தாய் ஒருத்தி இருக்கிறார். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகள் ஆயின. கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகன். அரசுப் பள்ளியிலே படிப்பவன். ஓடி விளையாடினால் மூச்சு வாங்கும்; மாதம் ஒரு முறை சளியும் நெஞ்சுக் காய்ச்சலும் வரும். “பிறவியிலேயே பூஞ்சை உடம்பு” என்று தாயும் தந்தையும் அமைதி கொண்டிருந்தனர்.

ஒரு நாள் காலை, நாம் அலுவலகத்துக்குப் புறப்பட்டு வாயிலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் முந்தானையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, “ஐயா, பள்ளிக்கூடத்திலே டாக்டர்கள் வந்து பார்த்துக் கொடுத்தார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்” என்றார். சீட்டு கன்னடத்தில் இருந்தது. நமக்குக் கன்னடம் படிக்க வரும். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் வேண்டும். வண்டிக்கு நேரமாகிவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள் அம்மா, நிதானமாகப் பார்ப்போம்” என்று சொல்லி நடந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நாமும் நினைக்கவில்லை. பெரிய மனிதரை மறுபடியும் தொந்தரவு செய்வதா என்று அவர் கூசினார் என்பதைப் பின்னரே அறிந்தோம். ஐந்து மாதங்கள் சென்றன. பையன் காய்ச்சலில் கிடந்தபோது நம் வீட்டம்மையார் பார்க்கச் சென்றார். அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டை அப்போதுதான் வாங்கி வந்தார். அன்றிரவு எழுத்துக் கூட்டிப் படித்தோம். இதயத்தில் கோளாறு இருக்கலாம் என்றும், உடனே பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்றும், அச்சீட்டைக் கொண்டு சென்றால் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம் என்றும் அதிலே தெளிவாக எழுதியிருந்தது.

அன்பர்களே! ஐந்து மாதமாக அந்தச் சிறுவனுக்கு இல்லாதிருந்தது மருத்துவமன்று, மருந்தன்று, பணமுமன்று. ஒரு காகிதத்தைப் படித்துச் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை. படிக்கத் தெரிந்தும் படிக்காமற் போன அந்த ஆள் நாமே.

அந்தச் சீட்டு வந்த வழியைச் சொல்லுகிறோம். 2013-ஆம் ஆண்டில் நடுவண் அரசு ‘இராஷ்டிரிய பால சுவாஸ்திய காரியக்கிரமம்’ என்ற குழந்தைகள் நலத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு அது உரியது. மருத்துவர்களும் செவிலியும் மருந்தாளரும் அடங்கிய குழு ஊர்தியிலே வந்து, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளி மாணவர்களையும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களையும் ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைவுகள், வளர்ச்சித் தாமதங்கள் என நான்கு வகையாகப் பல நிலைகளைத் தேடுகிறார்கள். உதட்டுப் பிளவு, வளைபாதம், கண்புரை, காது கேளாமை, பிறவி இதயநோய் முதலியன அவற்றுள் அடங்கும். குறை கண்டால் மேல் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுவார்கள். அறுவை செய்ய நேர்ந்தாலும் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

அடுத்து, கர்நாடக அரசு 2018 மார்ச்சில் ‘ஆரோக்கிய கர்நாடகம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நடுவண் அரசின் ‘ஆயுஷ்மான் பாரத்’ வந்தது. இரண்டும் இங்கே ஒன்றாக இணைந்தன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்ப அட்டை உடையவர்க்கு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது அதன் அளவு. முதலில் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே அச்சிகிச்சை இல்லையெனில், அவர்கள் எழுதித் தரும் சீட்டோடு திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குச் செல்லலாம்.

இவையெல்லாம் இருக்கக் குழந்தைகள் ஏன் வாடுகின்றன? காரணத்தை மீண்டும் காகிதத்திலேதான் தேட வேண்டும்.

நம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் இரயில்வே மருத்துவமனை இருக்கிறது. அட்டையைக் காட்டினால் போதும். ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தொழிலாளர் ஈட்டுறுதி இருக்கிறது. அதற்குரிய ஊதிய வரம்பை 2017-இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் நான்கு வீடுகளில் வேலை செய்யும் தாய்க்கு ஆலையுமில்லை, அலுவலகமுமில்லை. ஆதலின் அவருக்கு அந்த ஈட்டுறுதியும் இல்லை. அவர் பிள்ளைக்கு உள்ள ஒரே வழி குடும்ப அட்டை. அந்த அட்டையிலோ பையனின் பெயரே இல்லை!

ஏன் இல்லை? நம்மவர் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். குழந்தை தமிழ்நாட்டில் பிறக்கிறது. பிறப்புப் பதிவும் அங்கேயே நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் சேயும் பெங்களூர் திரும்புகிறார்கள். வளையலும் தொட்டிலும் வருகின்றன, சான்றிதழ் வருவதில்லை. சான்றிதழ் இல்லாமல் அட்டையிலே பெயர் ஏறாது. ஏழு ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. நோய் வந்த அன்றுதான் படுகிறது. அச்சிறுவனின் சான்றிதழுக்காக நாம் இரு முறை திருப்பத்தூருக்கு வண்டி ஏறினோம். இரயில்வேக்காரருக்குப் பயணம் எளிது. கூலிக்காரருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் உணவு.

தாமதம் ஏன் கொடிது என்பதை மருத்துவர் நமக்கு விளக்கினார். அச்சிறுவனின் இதய அறைகளுக்கிடையே உள்ள சுவரில் பிறவியிலேயே ஒரு துளை. சிறு துளைகள் பல தாமே மூடிக்கொள்ளும். பெரிய துளையானால் இரத்தம் அதன் வழியே தவறான பக்கம் பாய்ந்து நுரையீரலுக்கு மிகுதியாகச் செல்லும். ஆண்டுகள் ஆக ஆக நுரையீரலின் குழாய்கள் தடித்து அழுத்தம் ஏறும். அந்நிலை முற்றிவிட்டால் பின்னர்த் துளையை அடைப்பதே ஆபத்தாகிவிடும். கைதேர்ந்த மருத்துவரும் கைவிட நேரும். இதைக் கேட்டபோது, “ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள்” என்று நாம் சொன்ன சொல் நம் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது.

இனி, இந்தப் பகுதியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1809-இல் இங்கே தண்டு அமைந்தபோது, சென்னைப் படையோடு தமிழர் பலர் வந்து குடியேறினர். 1898-இல் பிளேக் நோய் பெங்களூரில் புகுந்தது. அது வந்த வழி இரயில் வழி என்பது நாம் வருந்தி நினைவுகூர வேண்டிய செய்தி. நெருக்கமான சந்துகளில் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அதன் பின்னரே, காற்றும் வெளிச்சமும் வருமாறு அகன்ற தெருக்களோடு பிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆக, நாம் வாழும் இவ்வூரே ஒரு நோய் கற்பித்த பாடம். ஏழையின் குடிசையில் தொடங்கும் நோய் மாளிகையின் வாயிலிலும் வந்து நிற்கும் என்பதே அப்பாடம்.

மசூதிச் சாலையிலே பள்ளிவாசல் எழுப்பிய ஹாஜி சர் இஸ்மாயில் சேட் அவர்களை நாம் அறிவோம். கச்சு நாட்டு வழியில் வந்த வணிகர். நம்மைப் போலவே வேற்று நிலத்திலிருந்து வந்த குடியினர். அவர் பள்ளிவாசலோடு நிற்கவில்லை. சிவாஜி நகரிலே பெண்களுக்கென ‘கோஷா மருத்துவமனை’ எழக் காரணமானார். வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொள்ள அவர் கண்ட வழி அது.

உலகெங்கும் இக்கேள்வி எழுந்தே வந்திருக்கிறது. இங்கிலாந்து 1948 சூலையில் அனைவர்க்கும் இலவச மருத்துவத்தை ஏற்படுத்தியது. செல்வத்தில் சிறந்த அமெரிக்காவோ, காப்பீடு இல்லாத எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கென ஒரு தனித் திட்டத்தை 1997-இல்தான் கொண்டுவந்தது. நம் நாட்டிலே ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, பணமின்மையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற கொள்கையை 1946-இலேயே வற்புறுத்தியது. அக்குழுவில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர், 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கிய டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் என்பது தமிழர் பெருமைப்படத்தக்கது.

பெருமை போதும், கடமைக்கு வருவோம். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோய் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகில் நின்று பணிபுரிபவர் ஒருவர். அரசினர் மருத்துவரைத் தருகிறார்கள், மருந்தைத் தருகிறார்கள். அந்த நான்காமவரை எந்தத் திட்டமும் தர இயலாது. அவரைத் தர வேண்டியது தெரு. தர வேண்டியது சங்கம்.

ஆதலின் இச்சங்கத்தின் முன் நான்கு விண்ணப்பங்களை வைக்கிறோம்.

முதலாவது: ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட வேண்டும். கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இருவர் அமர்ந்து, வருவோரின் மருத்துவச் சீட்டுகளைப் படித்துச் சொல்லவேண்டும். விண்ணப்பம் எழுதித் தரவேண்டும். கன்னடம் படிக்கத் தெரியாதிருப்பது தமிழ்ப்பற்று ஆகாது, அன்பர்களே! அண்டை மொழியைக் கற்றவனே இவ்வூரில் தன் இனத்தானுக்கு உதவ முடியும்.

இரண்டாவது: ஓய்வு பெற்ற பெரியோர்கள் தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். முதல் முறை மருத்துவமனைக்குச் செல்லும் தாயோடு ஒருவர் உடன் செல்ல வேண்டும். எந்த வரிசை, எந்த அறை, எந்த முத்திரை என்பது தெரியாமல் திரும்பி வந்தவர் மறுமுறை போவதில்லை.

மூன்றாவது: சிகிச்சை இலவசமானாலும் பேருந்துக் கட்டணமும், துணையிருப்பவரின் சாப்பாடும், இழக்கும் கூலியும் இலவசமல்ல. அவற்றுக்கென ஒரு சிறு உண்டியல் வேண்டும். குருதி தருவோரின் பட்டியல் ஒன்றும் வேண்டும்.

நான்காவது, செலவே இல்லாதது: இன்று வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் வேலை செய்யும் தாயிடம், “உன் பிள்ளைகளின் பெயர் அட்டையில் இருக்கிறதா? பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். நாம் மருத்துவரல்லர்; மருந்து சொல்லலாகாது. தரகருமல்லர், ஒரு காசும் பெறலாகாது. படிப்போம், எழுதுவோம், உடன் நடப்போம், அவ்வளவே.

அச்சிறுவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். காலம் கடந்துவிடவில்லை. நுரையீரல் அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. எனினும் அடைக்கக்கூடிய நிலையிலேயே இருந்தது. அறுவை நடந்தது, கட்டணம் ஒரு ரூபாயுமில்லை. இன்று பள்ளிக்குப் போகிறான். ஆண்டுக்கு இரு முறை பரிசோதனைக்கு நாம் உடன் செல்லுகிறோம். அவன் தாய் நமக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை ஏற்க நமக்கு வாய் வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் நாம் அதற்கு உரியவராயிருப்போம்.

இந்த மேடையிலிருந்து இறங்கியதும், வாயிலருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்போம். முதல் ஞாயிற்றுக்கு நமது பெயரை எழுதிவிட்டோம். அருகிலுள்ள நாற்காலிக்கு இன்னும் ஒரு பெயர் வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க கன்னட நாடு! வாழ்க நம் குழந்தைகள்! வணக்கம்.