கருவியை மாற்றும் முன் மூன்று கேள்விகள்
உங்க போன்ல திறக்கிற பல இணையப் பக்கங்களை ஒரு மென்பொருள் முன்கூட்டியே தயாரிச்சு வைக்குது. அதை எப்போ மாத்தலாம்?

2018-ல் குபர்நெட்டீஸ் என்ற திறமூலத் திட்டம், தன் ஆவணத் தளத்தைத் தயாரிக்க ஜெக்கிலை விட்டு ஹியூகோவுக்கு மாறியது. புதுசு என்பதற்காக இல்லை. வேகமும் பன்மொழி வசதியும் தேவைப்பட்டது.

கரிசல் காட்டுல ஈரம் பார்த்துத்தானே விதைக்கிறோம்? இங்கேயும் பார்க்கணும்: பழைய கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருதா? புதியதைப் பராமரிக்க ஆள் இருக்கா? பழைய முகவரிகள் திறக்குமா?

மூன்றாவது கேள்வி உங்களோடது. வாட்ஸ்அப்பில் சேமிச்ச இணைப்பைத் தொட்டதும் ‘பக்கம் இல்லை’ன்னு வந்தா, அந்தத் தளத்தின் ‘கருத்து’ பகுதியில் முகவரியோட எழுதுங்க. நீங்க சொன்னாத்தான் சரிசெய்றவங்களுக்குத் தெரியும்.