படம் பிடிப்பவனும் பிடிபடுகிறவனும்

(பழனியில் வாலிபர்கள் கூட்டிய வாசக சாலைக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



சினிமாக் கம்பெனிகளை அண்டாமல் சொந்தமாய்ப் படம் எடுக்கிற ஒருவர், ஊர் ஜனங்கள் மத்தியிலும் எழுதப் பழகும் வாலிபர்கள் மத்தியிலும் என்ன காரியம் செய்ய முடியும் என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். சினிமா என்று நோட்டீசில் போட்டதாலோ என்னவோ, வழக்கத்தைவிட இன்று பத்துப் பேர் அதிகமாகவே வந்திருக்கிறீர்கள். நட்சத்திரங்களின் கதை கேட்கலாம் என்று வந்தவர்கள் இப்போதே எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. (சிரிப்பு)

முதலில் நம் ஊரையே எடுத்துக்கொள்ளுவோம். பழனியைப் போலப் படம் பிடிக்கப்பட்ட ஊர் இந்த ஜில்லாவில் வேறு உண்டா? மலையைப் பிடித்தாயிற்று, விஞ்சையும் ரோப்காரையும் பிடித்தாயிற்று, காவடியை, மொட்டையை, பஞ்சாமிர்தக் கடையைக் கூடப் பிடித்தாயிற்று. ஆனால் தைப்பூசம் முடிந்த மறுநாள் விடியுமுன், கிரி வீதியிலும் சண்முக நதிக்கரையிலும் லட்சக்கணக்கானவர்கள் விட்டுப்போன எச்சில் இலையையும் அசிங்கத்தையும் வாருகிறார்களே, அவர்களை யாராவது படத்தில் பார்த்ததுண்டா? பக்தர் வருவார், யானை வரும், குரங்கு கூட வரும். வாருகிறவர் மட்டும் வரமாட்டார். அவர் குறுக்கே வந்தால் காமிராவைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுவார்கள். இது தற்செயல் என்று சொன்னால் நான் நம்பத் தயாராயில்லை.

இங்கிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் மதுரை. அந்த மதுரையில் காமிராவைத் திருப்பிக்கொள்ளாத ஒரு மனிதர் இருந்தார் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சே. அவர் தோழர் ஆர். பி. அமுதன். 2003ம் வருஷத்தில் அவர் எடுத்த ஒரு படத்துக்குப் பெயர் ‘பீ’. தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்; பெயர் அதுதான். மதுரையில் ஒரு தெருவிலே மனிதர்கள் கழித்துவிட்டுப் போகிற மலத்தைத் தினந்தோறும் வாரிச் சுத்தம் செய்யும் ஒரு அம்மையாரின் வேலைதான் படம் முழுவதும். அரை மணி நேரத்துக்கும் குறைவான படம். அதைப் பார்க்க உட்கார்ந்தவர்களில் மூக்கைப் பொத்தாதவர்கள் குறைவு. திரையிலிருந்து நாற்றம் வராது என்று தெரிந்திருந்தும் பொத்துகிறார்கள்! நாம் அரை மணி நேரம் கண்ணால் பார்க்கச் சகியாததை ஒரு பெண்பிள்ளை வருஷக்கணக்கில் கையால் வாரவேண்டியிருக்கிறதே என்று நினைக்கும்போதுதான் பொத்தின கை மூக்கைவிட்டுக் கீழே இறங்குகிறது.

அந்த வருஷத்தை ஞாபகத்தில் வையுங்கள். மனிதர் மலத்தை மனிதர் அள்ளும்படி வேலை வாங்குவது கூடாதென்று இந்தியப் பார்லிமெண்டு சட்டம் செய்தது 1993ல். படம் வந்தது 2003ல். பத்து வருஷமாய்ச் சட்டம் புஸ்தகத்தில் இருந்தது; அந்த அம்மாள் தெருவில் இருந்தார். 2013ல் மறுபடியும் இன்னொரு சட்டம் செய்தார்கள். முதல் சட்டத்துக்கு உயிர் இருந்திருந்தால் இரண்டாவதற்கு என்ன அவசியம்?

அமுதன் அதோடு நிற்கவில்லை. திருச்சியில் செருப்புத் தைக்கும் அருந்ததியக் கிறிஸ்தவர்களைப் பற்றி 2006ல் ‘செருப்பு’ என்றொரு படம். திருப்பூர்ப் பனியன் தொழிலைப் பற்றி 2015ல் ‘டாலர் சிட்டி’. மதம் மாறினாலும் ஜாதி கூடவே நடந்து வருகிறது என்பதைச் செருப்பை வைத்துக் காட்டியதைவிடப் பொருத்தமாய்க் காட்ட முடியுமா?

ஆனால் படங்களைவிட நான் பெரிதாய் மதிப்பது வேறொரு காரியத்தை. ‘மறுபக்கம்’ என்ற பெயரில் நண்பர்களோடு சேர்ந்து, 1998 முதல் மதுரையில் டாக்குமெண்டரிப் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஒரு விழாவை நடத்தத் தொடங்கினார். பல தேசங்களில் எடுத்த படங்களைக் காலேஜுகளுக்குக் கொண்டுபோய் மாணவர்களுக்குக் காட்டுவதும், படம் முடிந்ததும் அதைப்பற்றிப் பேசுவதும் அந்த விழாவின் வழக்கம். டிக்கட்டு வாங்கிப் பார்த்துவிட்டு இடுப்பைத் தட்டிக்கொண்டு எழுந்து போவது நமக்குப் பழக்கம். பார்த்ததைப் பற்றி வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லுவதும் கேள்வி கேட்பதும் வேறு பழக்கம். அந்த இரண்டாவது பழக்கம் வந்த பிள்ளைதான் பேனாவை எடுப்பான்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் ஊருக்கு வருஷந்தோறும் மலையாளத்திலிருந்து கூட்டம் கூட்டமாய் யாத்திரிகர் வருகிறார்கள் அல்லவா? அதே மலையாளத்தில் ஜான் ஆபிரகாம் என்று ஒருவர் இருந்தார். அவர் தமிழிலும் 1977ல் ஒரு படம் எடுத்தார். பெயர் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. தாயற்ற கழுதைக் குட்டியை ஒரு பிராமணப் புரொபசர் வளர்க்க, அக்கிரகாரத்தார் அதை அடித்துக் கொன்றுவிட்டு, பிற்பாடு அதற்கே மகிமை கண்டு கோயில் கட்ட நினைக்கிற கதை. அதற்கு மத்திய அரசாங்கம் தமிழ்ப் படத்துக்கான பரிசைக் கொடுத்தது. அதே மத்திய அரசாங்கத்தின் தூர்தர்ஷன் 1989ல் அதைக் காட்டுவதாய்ச் சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டது. பரிசு கொடுக்கலாம், ஜனங்களுக்குக் காட்டக்கூடாது! இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஜான் 1984ல் கோழிக்கோட்டில் ‘ஒடேசா’ என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். முதலாளியிடம் போகாமல், ஊர் ஊராய்ப் படம் காட்டியும் தெரு நாடகம் போட்டும் ஜனங்களிடம் கையேந்திச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1986ல் ‘அம்ம அறியான்’ என்ற படத்தை முடித்தார்கள். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். மனிதர் ஒழுங்கானவர் அல்லர், குடிகாரர் என்பார்கள். நாம் அவரைக் கும்பிடப் போவதில்லை. அவர் பணம் சேர்த்த வழியைத்தான் கவனிக்கிறோம். ஒரு ரூபாய் கொடுத்தவனுக்கும் அந்தப் படத்தில் பாத்தியதை உண்டு. “இதை ஏன் காட்டினாய்?” என்று கேட்கும் உரிமை அவனுக்கு வந்துவிடுகிறது.

பெரிய சினிமாவிலே சம்பாதித்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பியதுண்டு என்பதை மறைக்கக் கூடாது. டைரக்டர் பா. இரஞ்சித் கானாப் பாட்டுக்காரர்களைச் சேர்த்து அமைத்த பாட்டுக்குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறியது. ஜாதியற்றவர் என்று பொருள்படும் அதன் பெயர், பண்டிதர் அயோத்திதாசரின் கருத்திலிருந்து எடுத்தது. உதவி டைரக்டர்கள் உட்கார்ந்து படிக்கக் ‘கூகை’ என்றொரு வாசக சாலையும், ‘நீலம்’ என்ற பெயரில் பத்திரிகையும் புஸ்தக வெளியீடும் அவர் முயற்சியில் வந்தன. அவருடைய அரசியல் அபிப்பிராயம் எல்லாம் நமக்கு ஒப்பா என்பது வேறு கேள்வி. சினிமாவில் வந்த காசு புஸ்தகமாக மாறுவதை நான் கண்டது குறைவு. கண்டபோது சொல்லத்தான் வேண்டும்.

நிற்க. இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. படத்தைப் படித்தவர்கள் பார்த்தார்கள், பத்திரிகைகள் பாராட்டின, எல்லாம் சரி. படம் எடுத்ததினால் துடைப்பம் கீழே விழுந்துவிட்டதா? விழவில்லை. பிறருடைய இழிவைப் படமாக்கிப் பரிசு வாங்கிக்கொண்டு திரிகிறார்கள் என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. சிலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. பிறகு எதற்காக இந்த வேலை என்றால், அதற்கு என் பதில் இது.

2014 மார்ச்சு 27ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. 1993 முதல் சாக்கடையிலும் கக்கூஸ் குழியிலும் இறங்கிச் செத்தவர்கள் எல்லோரையும் கண்டுபிடித்து, குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடு என்றது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சம் ஆக்கிற்று. நல்லது. ஆனால் செத்தவன் பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறது? என்றைக்கு, எந்தத் தெருவில், யார் இறங்கச் சொல்லி இறங்கினான் என்று எழுதி வைத்தது யார்? கண்டிராக்டர் எழுதுவானா? அவன் “தானே தவறி விழுந்தான்” என்பான். மதுரையிலிருந்த தோழர் திவ்யபாரதி 2017ல் எடுத்த ‘கக்கூஸ்’ என்ற படத்தில், செத்தவர்களின் வீடுகளுக்கே போய், பெண்டு பிள்ளைகளின் வாயாலேயே சொல்லவைத்துப் பதிந்திருக்கிறார். அந்தப் படத்தைக் காட்டப் போலீசார் பல இடங்களில் அனுமதி மறுத்தார்கள். அவர் இண்டர்நெட்டில் போட்டுவிட்டார். அதே வருஷம் ஜூலையில், 2009ம் வருஷத்துப் போராட்ட வழக்கொன்றைத் தூசி தட்டி எடுத்து அவரைக் கைது செய்தார்கள். ஒன்றுக்கும் உதவாத படமாயிருந்தால் இவ்வளவு சிரமம் எதற்கு? (கைதட்டல்)

ஆகவே நம் பிள்ளைகள் எழுதப் பழகவேண்டும் என்று நான் சொல்லுவது கவிதை பாடிச் சால்வை வாங்குவதற்காக அல்ல. தேதியும் இடமும் பெயரும் எழுதுகிற பழக்கம் வேண்டும். இன்றைக்குக் கையில் போன் வைத்திருக்கிற பையன் எல்லாம் காமிராக்காரன்தான். ஆனால் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, எதை விடக்கூடாது என்பது போனுக்குத் தெரியாது. பிடித்த படத்தை முதலில் படத்தில் இருக்கிறவருக்கே காட்டி, அவர் வேண்டாமென்ற இடத்தை எடுத்துவிட வேண்டும் என்கிற மரியாதையும் அதற்குத் தெரியாது.

2022ல் நம் அரசாங்கப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறுவர் படம் காட்டும் ஏற்பாடும், பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற பத்திரிகைகளும் தொடங்கினார்கள். மெச்ச வேண்டிய காரியம். ஆனால் பத்திரிகை வந்தாலும் பிள்ளை எழுதினதைத் திருத்துகிற சிவப்பு மசி அதே மசிதானே! சென்ற வருஷம் நம் ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். துப்புரவு வேலை செய்கிறவர் மகன். பள்ளிக்கூடத்தில் ‘நான் கண்ட திருவிழா’ என்று எழுதச் சொன்னார்களாம். அவன், பங்குனி உத்திரத்தன்று ராத்திரி மூன்று மணிக்கு அம்மாவோடு போய்க் கூடை பிடித்ததை எழுதியிருக்கிறான். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு, “காவடியைப் பற்றி எழுது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். ஏனெனில் அடுத்த குற்றம் என்னுடையது. அந்த நோட்டை நான் வாங்கிப் படித்து, நன்றாயிருக்கிறது என்று தட்டிக்கொடுத்து, கொச்சையாய் இருந்ததையெல்லாம் இலக்கணமாய்த் திருத்தினேன். “நாத்தம் கொடலப் புடுங்குது” என்று அவன் தாயார் சொன்னதை, “துர்நாற்றம் தாங்க முடியவில்லை” என்று ஆக்கினேன். பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, எங்கம்மா இப்படிப் பேசாதுங்களே” என்றான். அவர்கள் ஒரு கோட்டில் அடித்தார்கள். நான் வார்த்தை வார்த்தையாய் அடித்திருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். திருத்தினதையெல்லாம் அழித்து, அவன் எழுதினபடியே நோட்டில் மறுபடி எழுதச் சொன்னோம். இதோ அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

இப்போது நம் வாசக சாலை முன்பு உள்ள விஷயத்துக்கு வருகிறேன். மாதம் ஒரு படம் காட்டுவது என்று தீர்மானித்தோம். ஒரு மண்டபத்தைக் கேட்டதில், என்ன படம் என்று விசாரித்த பிறகு அன்றைக்கு வேறு முகூர்த்தம் இருக்கிறதென்றார்கள். ஆடி மாதத்தில் என்ன முகூர்த்தமோ தெரியவில்லை. (சிரிப்பு) நம்மில் சிலர் வேறு மண்டபம் பார்க்கலாம் என்கிறார்கள். நான் மண்டபமே வேண்டாம் என்கிறேன். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலேயே, தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிக் காட்டுவோம். எந்தப் படம் என்பதை அந்தத் தெருப் பிள்ளைகளே ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அவர்கள் ‘பீ’ வேண்டாம், தினமும் பார்க்கிறதுதானே, சிரிப்புப் படம் போடுங்கள் என்றால் சாப்ளின் படம் போடுவோம். அதற்கு நாம் முகத்தைச் சுளிக்கக் கூடாது. படம் முடிந்ததும் மேல்தெருக்காரர்கள் நாலு பேர் எழுந்து விளக்கவுரை செய்வது என்கிற வழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடலாம்.

புரொஜெக்டர் வாடகைக்கு இன்று உண்டியல் வருகிறது. ஐந்து ரூபாய் போடுகிறவர் போடலாம். நூறு ரூபாய் போட்டுவிட்டு நோட்டீசில் பெயர் கேட்கிறவர் போட வேண்டாம். வருகிற மாதம் முதல் ஞாயிறு, பொழுது சாய்ந்ததும். நாற்காலி கிடையாது; பாய் கொண்டு வாருங்கள். படத்துக்கு முன்னால் அந்தப் பையன் தன் நோட்டை வாசிப்பான். அவன் தாயார் ஒன்பது மணிக்கு இரவு வேலைக்குப் போக வேண்டுமாம். ஆகையால் ஏழுக்கே ஆரம்பித்துவிடுவோம்.