மதிப்பெண்ணும் மானியமும்



ஆரம்பப் பாடசாலையில் பயிலும் ஏழெட்டு வயதுக் குழந்தைகளை நாடெங்கும் ஒரே விதமான பரீக்ஷைக்கு உட்படுத்தி, அதில் அவர்கள் காட்டும் தேர்ச்சியைக் கொண்டே பள்ளியின் தரத்தையும் உபாத்தியாயரின் திறமையையும் நிர்ணயித்துவிடலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. 1862-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து தேசம் அதனைத் திட்டமாக வகுத்துச் சுமார் முப்பது ஆண்டுகள் நடத்திப் பார்த்தது. அந்த விருத்தாந்தத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

திட்டத்தை வகுத்தவர்களிடம் துர்நோக்கம் எதுவும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. 1858-இல் நியூகாஸில் பிரபுவின் தலைமையில் நியமிக்கப்பட்ட கமிஷன், ஏழைகளின் பள்ளிகளை ஆராய்ந்து 1861-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மேல் வகுப்பில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளிடமே உபாத்தியாயர்கள் கவனம் செலுத்துகிறார்கள் என்றும், அடிவகுப்புச் சிறுவர்கள் எழுத்தும் எண்ணும் செவ்வனே அறியாமலே பள்ளியை விட்டு நீங்கிக் கூலிவேலைக்குப் போய்விடுகிறார்கள் என்றும் அது கண்டு வருந்தியது. அக்காலத்தில் கல்வி இலாகாவின் பொறுப்பை வகித்த ராபர்ட் லோ என்பவர் இதற்குக் கண்ட பரிகாரமே, பரீக்ஷையின் பலனை ஒட்டிப் பணம் கொடுப்பது. இத்திட்டம் சிக்கனமாக அமையாவிட்டால் பயன் தரும், பயன் தராவிட்டால் சிக்கனமாகவாவது இருக்கும் என்று அவர் பாராளுமன்றத்தில் உறுதி கூறினார்.

கணக்கு இவ்வாறு அமைந்தது. ஒரு குழந்தை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் வருஷத்துக்கு நான்கு ஷில்லிங். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை இருநூறு வேளைக்கு மேல் வந்திருந்து, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நடக்கும் பரீக்ஷையிலும் தேறினால் மேற்கொண்டு எட்டு ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றில் எதில் தவறினாலும் அதற்கு இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் பிடித்தம். பரீக்ஷையின் முதல் படியில் நிற்கும் குழந்தை ஓரசைச் சொற்களாலான ஒரு சிறு கதையைப் படித்து, இருபது வரை இலக்கங்களை எழுதிக் காட்ட வேண்டும். ஆறாம் படியில் உள்ளவன் செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். எல்லாம் தெளிவாகவும் நியாயமாகவும் தோன்றின. இதனால் நன்மையே விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதுவரை கடைசிப் பலகையில் ஏறெடுத்துப் பார்ப்பாரின்றி உட்கார்ந்திருந்த மந்தமான பிள்ளைக்கும் ஒரு விலை ஏற்பட்டதனால், அவனையும் உபாத்தியாயர் அருகே அழைத்துச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது.

ஆனால், பல இடங்களில் உபாத்தியாயரின் சம்பளத்தில் ஒரு பகுதியே அந்த மானியத்தைப் பொறுத்திருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. பெண்டு பிள்ளைகளோடு ஜீவனம் நடத்த வேண்டிய ஒருவருக்கு, தம் எதிரே நிற்கும் குழந்தையின் வாயில் வரும் ஒவ்வொரு தவறும் தம் வீட்டு வருமானத்தில் ஒரு குறைவாகத் தெரியத் தொடங்கினால், அவர் எவ்வளவு உத்தமராயினும், குழந்தைக்கு எது தெரிய வேண்டும் என்று யோசிப்பதை விட்டு, இன்ஸ்பெக்டர் எதைக் கேட்பார் என்று யோசிப்பதே இயல்பாகிவிடும். சரித்திரத்துக்கும் பூகோளத்துக்கும் இலக்கணத்துக்கும் பணம் இல்லை. ஆகவே அவை பல பள்ளிகளில் தேய்ந்து போயின. 1867-இல் அவற்றுக்கும் கொஞ்சம் மானியம் அளிக்கச் சர்க்கார் முன்வந்ததே அந்த நஷ்டத்துக்குச் சாட்சி.

கவிஞராகவும் விமரிசகராகவும் நம் கல்லூரி மாணவர்கள் அறிந்த மாத்யூ ஆர்னல்ட், 1851 முதல் 1886 வரை இத்தகைய பள்ளிகளைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டராக உழைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. திட்டம் அமலுக்கு வருமுன்பே, 1862 மார்ச்சில், அதனைக் கண்டித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தம் மேலதிகாரிகளின் கொள்கையையே கண்டிக்கும் அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். பின்னர் அவர் அனுப்பிய அறிக்கைகளில், தாம் அஞ்சியது நடந்தேறியதை எடுத்துக்காட்டினார். வருஷம் முழுவதும் ஒரே வாசகப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஓதி நெட்டுருப் போட்ட குழந்தை, பரீக்ஷையன்று தங்குதடையின்றி ஒப்பித்துவிடும். அதே அளவு எளிதான வேறொரு நூலைக் கையில் கொடுத்தாலோ, திகைத்து நின்றுவிடும். ஏட்டில் அந்தக் குழந்தை தேறியதாகவே பதிவாகும். மானியமும் வந்து சேரும். ஆர்னல்டின் மனத்தை வருத்தியது இதுதான். பரீக்ஷை எதை அளக்க ஏற்பட்டதோ அதனைப் பணத்தின் பாரம் உள்ளிருந்தே உருமாற்றிவிட்டதனால், வாசிக்கத் தெரியாத குழந்தையை வாசிக்கத் தெரிந்த குழந்தையிலிருந்து பிரித்தறியும் சக்தி அந்தப் பரீக்ஷைக்கே இல்லாமற் போயிற்று.

சென்னை ராஜதானிக்கும் இம்முறை அந்நியமன்று. ரிசல்ட் கிராண்ட் என்ற பெயரில் அது இங்கேயும் வந்து, கிராமத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைச் சர்க்காரின் பார்வைக்குள் கொணர்ந்தது. இந்தியக் கல்வியை ஆராய 1882-இல் கூடிய ஹண்டர் கமிஷன் ஆரம்பப் பள்ளிகளுக்கு அதனை ஆதரித்தது. இங்கிலாந்து கைவிட்ட பிறகே, வைஸ்ராய் கர்ஸன் பிரபுவின் காலத்தில், இந்தியாவிலும் அது விலகத் தொடங்கியது.

இவ்வளவு நடந்த பின்பும், 2002-இல் அமெரிக்க நாட்டில், எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது என்னும் உன்னதமான பெயரைத் தாங்கி ஒரு சட்டம் பிறந்தது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீக்ஷை. 2014-க்குள் எல்லாக் குழந்தைகளும் தேர்ச்சி பெற வேண்டும். பெறத் தவறும் பள்ளிகள் மீது நடவடிக்கை. இச்சட்டம் அமலிலிருந்த காலத்தில், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் 2009-ஆம் ஆண்டுப் பரீக்ஷைத் தாள்களைச் சோதித்தபோது, தவறான விடைகள் அழிக்கப்பட்டுச் சரியான விடைகள் குறிக்கப்பட்டிருந்த அடையாளங்கள் அளவுக்கு மீறிக் காணப்பட்டன. மாநில விசாரணையாளர்கள் 2011-இல் அளித்த அறிக்கை, தாங்கள் ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் மோசடி நடந்ததென்றும், 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் சம்பந்தப்பட்டவர்கள் என்றும் கூறிற்று. அவர்களுள் பலர் பதவி இழந்தனர். சிலர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அந்தத் தண்டனைகள் பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்தன. எனினும் என் மனம் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்த சிறு குழந்தைகளிடமே செல்கிறது. அவர்களுள் பலர் ஏழைகள். பெரும்பாலோர் கறுப்பின மக்களின் பிள்ளைகள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத் தனிக் கவனமும் கூடுதல் போதனையும் தருவதற்குப் பள்ளிகளில் ஏற்பாடு உண்டு. ஆனால், யாரோ ஒருவர் ரப்பரால் அழித்து எழுதிய விடைகளினால் அந்தப் பிள்ளை நன்றாக வாசிப்பதாகக் கணக்கில் ஏறிவிட்டபடியால், அந்த உதவி அவனுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டு, அவன் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டான்.