வாத்துக் குஞ்சுக்குப் படுக்கை: எது நல்லது, எது ஆகாது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வாத்து வளர்க்கக் குழுவில் கடன் கேட்டு நிறையப் பேர் எழுதிக் கொடுத்திருக்கீங்க. சந்தோஷம். குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும். முதல் மூணு வாரம்தான் கண்டம். குஞ்சு செத்தாலும் கடன் தவணை நிற்காது. அதனால குஞ்சு எதன் மேல படுக்குதுன்னு முதல்ல பார்ப்போம்.

வாத்துக் குஞ்சு தண்ணியைக் குடிக்கிறதை விடச் சிந்துறதுதான் அதிகம். எச்சமும் தண்ணியாத்தான் இருக்கும். கோழிக்கு ஒரு வாரம் தாங்குற படுக்கை, வாத்துக்கு ரெண்டே நாளில் சொதசொதன்னு ஆயிடும். ஈரம் இருந்தால் குளிர் தாக்கும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைத் தூள் மூச்சில் போனால் நுரையீரல் கெட்டு, குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். அப்படிக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.

பூஞ்சை விஷம் மற்ற பறவைகளை விட வாத்துக் குஞ்சைச் சீக்கிரம் தாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. அதற்குப் பிறகு அந்த விஷம் தீவனத்தில் இருக்கிறதான்னு சோதிக்க ஒரு நாள் வாத்துக் குஞ்சைத்தான் பயன்படுத்தினாங்க. நம்ம வீட்டுக் குஞ்சும் படுக்கையில் சிந்திய தீனியைப் பொறுக்கித் தின்னும் என்பதை மறக்காதீங்க.

சரி, எதைப் போடலாம்?

நெல் உமி நல்லது. அரிசி மில்லில் கிடைக்கும். முறத்தில் புடைத்துத் தூசியை நீக்கி, வெயிலில் காயவைத்து, 2 முதல் 3 அங்குலம் பரப்புங்க. முதல் மூணு நாலு நாள் மேலே கோணிச் சாக்கு விரிக்கணும். இல்லைன்னா தீனின்னு நினைச்சு உமியைத் தின்னும். சாக்கில் தொங்கும் நூலை வெட்டிடுங்க, காலில் சுற்றிக்கொள்ளும்.

வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் போடலாம். கறுப்புப் புள்ளியோ மக்கல் வாடையோ இருந்தால் வேண்டாம்.

நைசான மரத்தூள் ஆகாது. தின்றால் இரைப்பை அடைக்கும். பிளைவுட், பாலிஷ் வேலை நடக்கும் பட்டறைத் தூள் கூடவே கூடாது. வெறும் செய்தித்தாளும் ஆகாது. வழுக்கிக் கால் அகன்றுபோனால் குஞ்சு நடக்காது. ஈரம் பட்ட கடலைத் தோலை வாசலிலேயே நிறுத்துங்க.

போட்ட பிறகு தினமும் கிளறிவிடணும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்க. உதிர்ந்தால் நல்லது. உருண்டையா நின்றால் ஈரம்; அந்த இடத்தை அள்ளிப் புதுசு போடுங்க. குனிந்தால் கண் எரிகிறதா? நமக்கே எரிந்தால் தரையோடு கிடக்கிற குஞ்சுக்கு எப்படி இருக்கும்? உடனே மாத்துங்க. தண்ணித் தட்டைக் கம்பி வலை மேல், ஒரு ஓரமாக வைத்தால் பாதி ஈரம் குறையும். பல்பை ஒயரில் மட்டும் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்க. காய்ந்த உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

அள்ளிய கழிவு எருக்குழிக்குப் போகட்டும். அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், குழுவாகச் சேர்ந்து உமி வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வையுங்க. மழைக்காலத்தில் காய்ந்த உமி தேடினாலும் கிடைக்காது. உமி இருப்பு உண்டான்னு தீர்மான நோட்டில் எழுதிவிட்டுக் கடன் கொடுங்க.