ஆபீஸ் பிரிண்டர் மூன்று நாள் ஏன் ஓடவில்லை?

(நமது குடியிருப்பின் கிளப் ஹவுஸில், ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆபீஸ் பிரிண்டருக்கு என்ன ஆச்சுன்னு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றார் நம் செக்ரட்டரி சார். நியாயம்தான். பிரிண்டர் நின்றதற்குப் பாதிக் காரணம் லினக்ஸ் அப்கிரேடு, மீதிப் பாதி நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பின்வரிசையிலிருந்து கேட்க வேண்டாம்.

நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் பழையது. லைசென்ஸ் செலவு வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்து அதில் உபுண்டு லினக்ஸ் போட்டோம். மெயின்டனன்ஸ் ரசீது, ஏஜிஎம் நோட்டீஸ், முகவரிக் கடிதம் எல்லாம் அதில்தான். போன மாதம் 22.04 பதிப்பிலிருந்து 24.04 பதிப்புக்கு மாற்றினேன். ஞாயிறு ராத்திரி வேலை முடிந்தது. திரை பளிச்சென்று வந்தது, கோப்புகள் எல்லாம் பத்திரம். நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் போன் செய்தார். பேப்பர் சிக்கி பிரிண்டர் நின்றிருக்கிறது, பேப்பரை எடுத்துவிட்டார், 'ரெஸ்யூம்' அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கிறது, சரியான பாஸ்வேர்டு போட்டாலும் 'ஃபர்பிடன்' என்று வருகிறது. அதாவது, "உனக்கு அனுமதி இல்லை."

அந்த நேரத்தில் ஆபீஸில் சி பிளாக் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பென்ஷன் கணக்கு விஷயமாக வங்கிக்குச் சங்கத்தின் முகவரிக் கடிதம் வேண்டும். அழைத்துப்போவதற்காக மகன் வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறார். வியாழக்கிழமை ராத்திரி அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். "இதோ பத்து நிமிஷம்மா" என்றேன். புதன்கிழமை சாயங்காலம் வரை இந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரேயடியாக "ஆகாது" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் கடைக்குப் போய் எடுத்திருப்பார்கள்.

சரி, என்ன நடந்தது?

லினக்ஸில் பிரிண்டர் வேலை முழுவதையும் பார்த்துக்கொள்வது 'கப்ஸ்' என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1990களின் கடைசியில் எழுத ஆரம்பித்தது. உங்கள் வீட்டில் ஆப்பிள் மேக் இருந்தால் அதிலும் உள்ளே ஓடுவது இதேதான். நீங்கள் 'பிரிண்ட்' அழுத்தியதும் கப்ஸ் அந்தக் கோப்பை வாங்கி, 'ஃபில்டர்' என்ற சிறு நிரல்களிடம் கொடுத்து பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, 'பேக்எண்ட்' என்ற இன்னொரு சிறு நிரல் வழியாகக் கேபிளுக்கோ வைஃபைக்கோ அனுப்புகிறது.

இதில் இரண்டு வகை அனுமதி இருக்கிறது. பிரிண்ட் எடுக்க ஒன்று. பிரிண்டரை நிர்வகிக்க இன்னொன்று. நிர்வாகம் என்றால் புதுப் பிரிண்டர் சேர்ப்பது, நின்றுபோனதை மறுபடி ஓடவிடுவது மாதிரி வேலைகள். நம் குடியிருப்பில் தண்ணீர் எல்லோருக்கும் உண்டு, மோட்டார் ரூம் சாவி சிலரிடம்தான் உண்டு என்பதுபோல. உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தச் சாவி 'எல்பிஅட்மின்' என்ற குழுவிடம் இருக்கும். உங்கள் லாகின் அந்தக் குழுவில் இருந்தால் 'ரெஸ்யூம்' வேலை செய்யும். இல்லாவிட்டால் 'ஃபர்பிடன்'.

மேனேஜரின் லாகின் அந்தக் குழுவில் எப்போதுமே இல்லை. ஆனால் நேற்றுவரை அவரால் எல்லாம் முடிந்ததே? அங்கேதான் அப்கிரேடு வருகிறது. சில வருடங்களுக்கு முன் நான்தான் கப்ஸின் அமைப்புக் கோப்பு ஒன்றைத் திறந்து, 'சிஸ்டம்குரூப்' என்ற வரியில் எல்பிஅட்மினுக்குப் பக்கத்தில் நம் ஆபீஸ் குழுவின் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். சுத்தமாக மறந்துவிட்டேன். அப்கிரேடு நடக்கும்போது நடுவில் ஒரு கேள்வி வரும்: "இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதிதாக வந்ததைப் போடவா?" ராத்திரி பதினொன்றரை மணி. புதுசு என்றால் நல்லதுதானே என்று புதிதைப் போடச் சொன்னேன். நான் எழுதிய வரி போய்விட்டது, அதோடு மேனேஜரின் சாவியும் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் லினக்ஸ் இருந்தால் இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்தக் கேள்வி வந்தால் எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன், எந்தக் கோப்பு என்று பெயரை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதிக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டச் சொல்லும் வசதியும் அதே திரையில் உண்டு. அவசரத்தில் புதிதை ஒப்புக்கொண்டாலும் பழையது அழிவதில்லை. அதே ஃபோல்டரில், பெயரின் பின்னால் 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற வாலோடு கிடக்கும். என் வரி அங்கேதான் எனக்காகக் காத்திருந்தது. அதைப் பார்த்தது புதன்கிழமை.

திங்கட்கிழமை நான் செய்தது வேறு. என் லாகின் எல்பிஅட்மினில் இருக்கிறது. ஆபீஸுக்குப் போய் என் பெயரில் நுழைந்து 'ரெஸ்யூம்' அழுத்தியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை. "அனுமதி இல்லை" என்ற வார்த்தையைப் பார்த்ததும் இணையத்தில் தேடினேன். பத்தில் எட்டுப் பேர் சொல்லும் மருந்து 777.

அந்த எண்ணை விளக்க வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு: சொந்தக்காரர், குழு, மற்ற எல்லோரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. மூன்று தரப்புக்கும் 7 கொடுத்தால் 777. மோட்டார் ரூம் சாவி காணவில்லை என்று கதவையே கழற்றி வீசுவது மாதிரி. நான் கப்ஸ் நிரல்கள் இருக்கும் ஃபோல்டருக்கும், உள்ளே இருந்த எல்லாக் கோப்புகளுக்கும் 777 கொடுத்தேன்.

அதுவரை நிர்வகிக்க மட்டும்தான் முடியாமல் இருந்தது. இப்போது என் லாகினிலிருந்தும் ஒரு பக்கம்கூட வரவில்லை!

காரணம் தெரிந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கப்ஸ் மேல் மரியாதையாகவும் இருந்தது. கப்ஸின் சில பகுதிகள் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தோடு, அதாவது 'ரூட்' ஆக ஓடுகின்றன. ஃபில்டரையோ பேக்எண்டையோ யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், யார் வேண்டுமானாலும் அந்த அதிகாரத்தைத் தட்டிக்கொண்டு போகலாம். அதனால் ஒரு நிரலை இயக்குமுன் கப்ஸ் அதன் அனுமதியைப் பார்க்கிறது. சொந்தக்காரர் ரூட் இல்லை என்றாலோ, எல்லோரும் எழுதும்படி திறந்திருந்தாலோ, பாதுகாப்பற்ற அனுமதி என்று லாகில் எழுதிவிட்டு இயக்க மறுத்துவிடும். மூடி திறந்து கிடக்கும் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மாட்டேன் என்று நம் பம்ப் ஆபரேட்டர் ஒருமுறை அடம் பிடித்தாரே, அதே நியாயம்.

இதை எனக்குச் சொன்னது எரர் லாக். வார், லாக், கப்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஃபோல்டர். அதற்குள் 'எரர் அண்டர்ஸ்கோர் லாக்' என்று ஒரு கோப்பு. பிரிண்டர் சின்னத்தின் மேல் வரும் ஒற்றை வரிச் செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இணையத்தில் அலைந்தேன். லாகின் கடைசி இருபது வரிகளைத் திங்கட்கிழமையே படித்திருக்கலாம்.

சரிசெய்ததைச் சொல்கிறேன். 777 கொடுத்த கோப்புகளுக்கெல்லாம் 755 என்று போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பேக்எண்டுகளில் அது சரிவராது. மற்றவர்கள் இயக்க அனுமதி இல்லாத பேக்எண்டை கப்ஸ் ரூட்டாக ஓட்டும்; எல்லோரும் இயக்கலாம் என்று இருந்தால் 'எல்பி' என்ற சாதாரணக் கணக்கில் ஓட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டால் இந்த வித்தியாசம் அழிந்துவிடும். ஆகவே எண்ணை ஊகிக்காமல், கப்ஸ் தொகுப்புகளையும் கப்ஸ் ஃபில்டர் தொகுப்பையும் அப்படியே மறுபடி நிறுவினேன். கோப்புகள் தம் பழைய அனுமதிக்குத் திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் திரும்பவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரின் அனுமதியை மறுநிறுவல் தொடாது. கோப்பு சரியாக இருந்தும் ஃபோல்டர் திறந்து கிடந்தால் கப்ஸ் அதையும் ஒப்புக்கொள்ளாது. ஃபோல்டர்களுக்கு மட்டும் கையால் 755 போட்டு, கப்ஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினேன்.

பிறகு மேனேஜரை எல்பிஅட்மின் குழுவிலேயே சேர்த்தேன். பழைய வரியைத் திரும்ப எழுதவில்லை. அடுத்த அப்கிரேடில் அதை நானே மறுபடி தொலைப்பேன்.

குழுவில் சேர்ப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'யூசர்மாட்' என்ற கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி இரண்டும் சேர்ந்து வர வேண்டும். அந்தச் சின்ன ஏ 'ஏற்கெனவே உள்ள குழுக்களோடு சேர்' என்று அர்த்தம். அதை விட்டுவிட்டுப் பெரிய ஜி மட்டும் போட்டால், அந்த லாகின் இருந்த மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றப்படும், 'சூடோ' குழு உட்பட. பிரிண்டர் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுச் சாவியைத் தொலைத்த கதை. பயமாக இருந்தால் 'ஆட்யூசர்' கட்டளையில் லாகின் பெயரையும் குழுவின் பெயரையும் கொடுங்கள். உபுண்டுவில் அது சேர்க்க மட்டும்தான் செய்யும்.

சேர்த்தபின் லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி நுழையுங்கள். 'குரூப்ஸ்' என்று தட்டினால் நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று வரும். பட்டியலில் எல்பிஅட்மின் வரவில்லையென்றால் பெரும்பாலும் பழைய லாகினிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

வேறு சில பிரிண்டர்களில் சிக்கல் வேறு மாதிரி வரும். கம்பெனி தனியாகத் தரும் ப்ளகின் தேவைப்படும் பிரிண்டர் என்றால், அப்கிரேடில் டிரைவரின் பதிப்பு மாறியதும் ப்ளகினையும் அதே பதிப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும். பிடிஎஃப்பாகச் சேமிக்கும் 'கப்ஸ்-பிடிஎஃப்' என்ற போலிப் பிரிண்டரை வேறு ஃபோல்டரில் சேமிக்கும்படி மாற்றி வைத்தவர்களுக்கு இன்னொன்று: கோப்பு அனுமதி சரியாக இருந்தாலும் 'ஆப்ஆர்மர்' என்ற இரண்டாவது காவல் தடுக்கும். அதற்கான விதிவிலக்கை, அதன் 'லோக்கல்' ஃபோல்டரில் உள்ள கோப்பில் எழுதுங்கள். முதன்மைக் கோப்பில் எழுதினால் அடுத்த அப்கிரேடில் அதே கேள்வி, அதே பதினொன்றரை மணி.

அடுத்த முறை சங்கம் பிரிண்டர் வாங்கும்போது டிரைவர் இல்லாமலே வைஃபையில் ஓடுகிற வகையாகப் பார்க்கலாம் என்று கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். பழைய பாணி டிரைவர்களைக் கைவிடுவதுதான் கப்ஸின் மூன்றாம் பதிப்புக்கான திட்டமும். ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் போதும்.

சி பிளாக் அம்மாவின் கடிதம் வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தது. மகன் ஆட்டோவில் அழைத்துப்போய் வங்கி மூடுவதற்குள் கொடுத்துவிட்டார். திரும்பி வந்ததும் அந்த அம்மா ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்க பத்து நிமிஷம் முடிஞ்சுதா?" என்றார்.

கட்டளைகளை ஆங்கிலத்தில் எழுதி ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். வீட்டு லினக்ஸில் இதே தொல்லை உள்ளவர்கள் சனிக்கிழமை மாலை 5 முதல் 6.30 வரை லேப்டாப்போடு கிளப் ஹவுஸுக்கு வாருங்கள். வரும்போது சார்ஜரும், எரர் லாகின் கடைசி இருபது வரிகளும் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே 777 போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.