இணையத்தளமும் தோட்டத்துப் பெயரேடும்



கடந்த தவணையிலே கல்லூரியில் நாம் பயின்ற ஒரு பாடத்தைப் பற்றி இம்மேடையிற் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பாடத்தின் பெயர் சற்று நீளமானது: உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகளைக் கொண்டு இயங்குநிலை இணையத்தளங்களை அமைத்தல். பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே பின்வரிசைப் பெரியவர்கள் சிலர் தேநீர் எப்போது வருமென்று வாயிலை நோக்குகின்றனர். பொறுத்தருள்க, பேச்சு விரைவிலேயே செக்றோலுக்கும் லயத்துக்கும் வந்துவிடும்.

1991ஆம் ஆண்டு ரிம் பேர்ணேர்ஸ் லீ என்பார் ஜெனீவா நகரருகே சேர்ண் ஆய்வுகூடத்திலிருந்து உலகின் முதல் இணையத்தளத்தை வெளியிட்டார். அக்காலத்துப் பக்கம் அச்சடித்த துண்டுப்பிரசுரம் போன்றது. ஓர் எழுத்தை மாற்றுவதாயினும் குறிமொழி அறிந்தவரே கைவைக்க வேண்டும். இயங்குநிலைத் தளத்திலோ செய்திகள் யாவும் தரவுத்தளம் என்னும் பேரேட்டிலே கிடக்கும். வாசகர் கேட்கும் கணத்திலே, பீ.எச்.பி. போன்ற ஒரு நிரல்மொழி வேண்டியதை அப்பேரேட்டிலிருந்து எடுத்துப் பக்கமாக அடுக்கிக் கொடுக்கும். இவ்வேலையை எவரும் கையாளத்தக்கதாக்கியவையே ட்ரூப்பல் (2001), வேர்ட்பிரஸ் (2003), ஜூம்லா (2005) என்னும் மென்பொருள்கள். மூன்றும் விலையின்றிக் கிடைப்பன. இன்று உலகத்து இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்ட்பிரசிலேயே இயங்குகின்றன. நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. பின்னர் வகுப்பார் வண்ணந் தெரிவதிலே மூன்று கிழமை கழித்தனர். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எம்மைச் சிந்திக்க வைத்தது ஒரு சிறு பயிற்சி. அங்கத்தவர் பெயர்களைப் பதியும் படிவம் ஒன்று தந்தார்கள். பெயர், வீட்டிலக்கம், வீதி, நகரம் என்று கட்டங்கள். வீதியை நிரப்பாவிடின் முறைமை மேலே செல்ல விடாது. பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த எம்மவர் என்ன எழுதுவது? லயத்துக் காம்பராவுக்கு வீதி ஏது? ஒருவர் ‘வீதி இல்லை’ என்றே எழுதினார். முறைமை அதனையும் ஒரு வீதியின் பெயராக ஏற்று நன்றி கூறிற்று! வகுப்பு சிரித்தது. ஆயினும், நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஒபீசிலே கிடந்து, நாள் கடந்தபின் கைக்கு வந்த கதை இம்மண்டபத்திலே எத்தனை வீட்டில் உண்டு!

ஆனால் இம்மென்பொருள்களிலே கட்டங்களை நாமே வகுத்துக்கொள்ளலாம். தோட்டம், டிவிசன், லய இலக்கம், காம்பரா என்று அமைக்க அரை மணி நேரம் போதும். வீதி என்ற கட்டம் இயற்கை விதியன்று. எங்கோ இருந்த ஒருவர், தம் வீட்டை நினைத்து வகுத்தது.

நம் முன்னோருக்கும் ஒரு தரவுத்தளம் இருந்தது. அது செக்றோல். பிரட்டுக்களத்திலே பேர் போடுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எழுதியவர் ஒருவர், எழுதப்பட்டவர் அதனை வாசிக்க வழியற்றவர். அவ்வேட்டிலே ஆயுள் முழுவதும் பேர் விழுந்தவர்களிடம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பனார் இங்கு பிறந்ததற்கு, அன்றேல் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. பலரிடம் அஃது இருக்கவில்லை. அத்தீங்கு பெரும்பாலும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பழங்கதை என்று எண்ணற்க. 2014ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுள் அகப்பட்டோர் எத்தனை பேர்? முதலிலே பல நூறு என்றார்கள். பின்னர் தொகை நாளுக்கு நாள் மாறிற்று. எந்தக் காம்பராவிலே யார் யார் இருந்தனர் என்ற ஏட்டின் பிரதியொன்று மலைக்கு அப்பாலும் இருந்திருப்பின், அன்று தோண்டியவர்களுக்கு எவ்வளவு துணையாயிருக்கும்! பாடத்திலே ‘காப்புப் பிரதி’ என்று ஓர் அத்தியாயம் வந்தபோது எம்மில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. ஆயினும் இத்தகைய பெயரேடு ஊரார் பார்வைக்கு உரியதன்று. கடவுச்சொல்லுக்குள்ளே இருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, எழுதுவது யார்? வேர்ட்பிரசிலே நிருவாகி முதலாக ஐந்து படிகள் உண்டு. பங்களிப்பாளர் என்பவர் எழுதலாம்; வெளியிட இயலாது; மேலுள்ளவர் பார்த்து விடவேண்டும். ‘துரை, பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி’ என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எண்ணியது. வேடிக்கைதான், எனினும் சங்கம் ஒரு தளம் அமைக்குமாயின், பதுளை நகரிலிருக்கும் நாம் நால்வரே வெளியிடுவோராகி, தோட்டத்து அங்கத்தவர் யாவரும் பங்களிப்பாளராகவே நிற்கலாகாது என்பது எமது துணிபு. தோட்டத்துக்கு ஒருவருக்கேனும் வெளியிடும் உரிமை வேண்டும். அவர்களுள் கொழுந்தெடுக்கும் சகோதரிகளும் இருத்தல் வேண்டும். பிழைகள் வரும். திருத்திக்கொள்ளலாம், பழைய பிரதியும் முறைமையிலே இருக்கும்.

தமிழிலே இது நடவாத காரியமன்று. தமிழ் விக்கிப்பீடியா 2003இலே தொடங்கிற்று. அதனைக் கட்டியெழுப்பியவருள் முன்னின்றவர் இலங்கையரான மயூரநாதன் அவர்கள். ஈழத்து நூல்களையும் மலர்களையும் சேமிக்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005 முதல் நடைபெறுகின்றது. இரண்டும் மீடியாவிக்கி என்ற மென்பொருளிலே, பலர் கைபட்டு வளர்ந்தவை.

ஒரு தொல்லையைச் சொல்லாதிருக்க முடியாது. அப்புத்தளை என்று தேடினால் ஹப்புத்தளை என்று எழுதியது அகப்படாது. ஆங்கிலத்தில் ஒரு பெயரும் தொழிலாளர் வாயில் வேறொரு பெயரும் உள்ள தோட்டங்களோ பல. ஆகவே மாற்றுப்பெயர் என்று ஒரு கட்டம் அவசியம். அதற்கான பெயர்கள் பெரியோராகிய உங்களிடமே இருக்கின்றன. மேலும், பாமினி எழுத்திலே தட்டச்சிட்டவை தரவுத்தளத்துக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியாகவேண்டும்.

தள முகவரிக்கு ஆண்டுதோறும் பணங் கட்டவேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்காது விட்டால் கள்வர் புகுவர். இவ்விரண்டுக்கும் பொறுப்பாளர் ஒருவரை இன்றைய பொதுக்கூட்டத்திலேயே தெரிவுசெய்யக் கோருகின்றோம். சங்கத்தின் பழைய மலர்கள் எவரது டிரங்குப் பெட்டியிலாவது இருக்குமாயின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவாருங்கள். படம்பிடித்து, தாள் கசங்காமல் அன்றே திருப்பித் தருவோம். அட்டையில்லாத பிரதியாயினும் கொண்டுவாருங்கள்.